பெயரை எழுதியோரும் பெயரை விற்போரும்

அண்மைக் காலத்தில் 1990களின் தெருவுடைகள் மீண்டும் வழக்குக்கு வந்திருப்பதை உலகின் பல நகரங்களிலும் காணலாம். இருவர் புகுந்துகொள்ளத்தக்க அகலக் காற்சட்டைகளும், தொடைவரை தொங்கும் ரீ-சேர்ட்டுகளும், மார்பு முழுவதையும் நிறைத்து நிற்கும் பருத்த கோணல் எழுத்துகளும், அவை முதன்முதல் விற்பனைக்கு வந்தபோது பிறந்தேயிராத இளைஞர்களால் இன்று தேடி வாங்கப்படுகின்றன. அவ்வாறு மீண்டவற்றுள் ஒன்று காண்டாமிருக உருவைக் குறியாகக் கொண்ட எக்கோ அன்லிமிட்டெட். ஐக்கிய அமெரிக்காவின் நியூ ஜேர்சி மாநிலத்தில் 1993இல் தொடங்கப்பட்ட இந்நிறுவனம், நியூயோர்க் நகரின் கிராபிற்றி மரபிலிருந்தே தன் எழுத்தையும் வண்ணத்தையும் மிடுக்கையும் பெற்றுக்கொண்டது. ஆதலின் காண்டாமிருகம் மீண்டதைக் கிராபிற்றிப் பண்பாடே மீண்டதாகக் கருதி மகிழ்வோர் உளர். அடித்தள மக்களின் கலையொன்று உலகச் சந்தையை வென்றுவிட்டது என்று கூறுவோரும் உளர். இக்கூற்றைச் சற்று நிதானமாகப் பரிசீலித்தல் அவசியம். என் கருத்தில், இங்கு மீண்டிருப்பது பதிவேடொன்றிற் கைமாறிய பெயர் மாத்திரமே. அப்பெயர் எந்த மரபின் சாயலைச் சுமக்கின்றதோ அம்மரபின் முதல் நெறிக்கே அது முரணானது என்பதை எடுத்துக்காட்டுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

கிராபிற்றி என்றதும் நம்மவர் மனத்தில் எழுவது சுவரில் எழுதப்படும் அரசியற் சுலோகமே. அதற்கு நமது பல்கலைக்கழகச் சுவர்கள் போதிய காரணம் தந்துள்ளன. நியூயோர்க்கில் எழுந்த மரபு இதனின்றும் வேறுபட்டது. அங்கு எழுதப்பட்டது பெயர். 1971 ஜூலை மாதத்தில் நியூயோர்க் ரைம்ஸ் பத்திரிகை, டாக்கி 183 என்னும் கையெழுத்தைப் பற்றிக் கட்டுரையொன்றை வெளியிட்டது. நகரின் சுவர்களிலும் நிலக்கீழ்ப் புகையிரத நிலையங்களிலும் எங்கு திரும்பினும் தென்பட்ட அப்பெயருக்குரியவர், மன்ஹாற்றனின் வடகோடியில் 183ஆம் வீதியில் வாழ்ந்த, கிரேக்கக் குடும்பமொன்றைச் சேர்ந்த இளைஞர். பொதிகளையும் கடிதங்களையும் உரியவரிடம் சேர்ப்பிக்கும் வேலை அவருக்கு. வேலை அவரை நகரெங்கும் இட்டுச் சென்றது; சென்ற இடமெல்லாம் தம் பெயரை அவர் விட்டுவந்தார். அவருக்கு முன்னரே ஜூலியோ 204 என்பவர் எழுதியிருந்தார். பிலடெல்பியாவில் கோர்ன்பிரெட் என்பவர் 1960களிலேயே தொடங்கிவிட்டார். ஆயினும் பத்திரிகைச் செய்திக்குப் பின்னரே நியூயோர்க்கின் சிறுவர்கள் தடித்த மைப்பேனாவும் ஸ்பிறே வர்ண ரின்னுமாகப் பெருந்தொகையினராய்ப் புறப்பட்டனர்.

அவர்கள் வாழ்ந்த நகரை நினைவிற் கொள்ள வேண்டும். 1975இல் நியூயோர்க் மாநகர நிர்வாகம் வங்குரோத்தின் விளிம்பில் நின்றது. நகர ஊழியர்கள் ஆயிரக்கணக்கில் நீக்கப்பட்டனர். தென் பிரொங்ஸ் பகுதியில் குடியிருப்புகள் ஒன்றன்பின் ஒன்றாக எரிந்தன. கறுப்பினத்தவரின் பிள்ளைகள், புவேர்ட்டோ ரிக்கோவிலிருந்து வந்தோரின் பிள்ளைகள், ஏழை வெள்ளையரின் பிள்ளைகள் எனப் பல இனத்தவர் இவ்வெழுத்திற் கைகோத்தனர். பின்னாளிற் புகழ்பெற்ற லீ கினியோனெஸ் புவேர்ட்டோ ரிக்கோவிற் பிறந்தவர். லேடி பிங்க் எக்குவடோரிற் பிறந்தவர். யாருடைய கண்ணிலும் படாத இச்சிறுவர்கள், அனைவரது கண்ணிலும் படும் பொருளொன்றைத் தெரிந்தெடுத்தனர். அதுவே புகையிரதம். ஒரு வட்டாரத்தில் இரவில் எழுதிய பெயர் மறுநாட் காலையில் நகரின் மறுகோடிக்குச் சென்று திரும்பியது. 1970களின் பிற்பகுதியில், லீ அங்கம் வகித்த பபுலஸ் பைவ் குழுவினர் 10 பெட்டிகள் கொண்ட முழுப் புகையிரதமொன்றையே தம் ஓவியத்தால் நிரப்பினர்.

இம்மரபுக்கு எழுதப்படாத சட்டங்கள் இருந்தன. அவற்றுட் தலையாயது இது: ஒருவன் தன் பெயரையே எழுத வேண்டும். பெற்றோர் இட்ட பெயரோ பொலிஸ் பதிவேட்டுப் பெயரோ அன்று. தானே தெரிந்துகொண்ட பெயர். பிறரது பெயரையோ பிறர் உருவாக்கிய எழுத்துப் பாணியையோ எடுத்தாளுதல் 'கடித்தல்' எனப்பட்டது. அதனினும் இழிந்த குற்றம் அவ்வுலகில் இல்லையென்றே கூறலாம். தேர்ச்சியற்றவன் 'பொம்மை' என்று எள்ளப்பட்டான். தேர்ந்தவன் தன் பெயருக்கு மேல் முடி வரைந்துகொண்டான். பிறர் எழுத்தின்மீது தன் பெயரைத் தெளித்துச் சென்ற கப் என்பவர்பால் ஏனையோர் கொண்ட சினத்தை, ரொனி சில்வரும் ஹென்றி சல்பன்ரும் உருவாக்கி 1983இல் வெளிவந்த 'ஸ்ரைல் வோர்ஸ்' ஆவணப்படத்திற் காணலாம். புறத்தார்க்கு வெறுங் கிறுக்கலாகத் தோன்றியதன் உள்ளே, நம் யாப்பிலக்கணத்துக்குச் சற்றும் குறையாத கட்டுப்பாடு நிலவிற்று. எழுதுபவன் கையை எடுத்துவிட்டால் அப்பெயர் இல்லை. அதனை அவனிடமிருந்து பிரித்தெடுக்கவோ வாங்கவோ விற்கவோ வழியிருக்கவில்லை. இந்த ஒன்றை வாசகர் மனத்திற் பதித்துக்கொள்வாராக. பின்வரும் வாதம் முழுவதும் இதன்மீதே நிற்கின்றது.

இவ்விடத்து ஒரு தடை எழலாம். பொதுச் சொத்தைப் பாழ்படுத்தியோரை இவ்வாறு போற்றுவது தகுமா என்பது அது. எழுத்தால் மறைந்த யன்னல்களினூடாகத் தாம் இறங்க வேண்டிய நிலையத்தை அடையாளங் காணமுடியாது தவித்த பயணிகளிலும் பெரும்பாலோர் ஏழைத் தொழிலாளரே. அவர்களது எரிச்சல் நியாயமானது. எழுதுவோர் அனைவரையும் புரட்சியாளராகக் காட்டும் எழுத்துகள் எனக்கும் உடன்பாடானவை அல்ல. அவர்களுட் பலர் நாடியது புகழையே. ஆனால் என் கேள்வி அவர்கள் செய்தது நன்றா தீதா என்பதன்று. ஒரே செயல் ஒருவர்க்குக் குற்றமாகவும் மற்றொருவர்க்கு மூலதனமாகவும் ஆனது எவ்வாறு என்பதே கேள்வி.

நகர நிர்வாகம் 1972இலேயே கிராபிற்றிக்கு எதிராகச் சட்டமியற்றியது. மேயர் எட் கொச் காலத்தில், 1981இல், புகையிரதத் தரிப்பிடங்கள் முட்கம்பி வேலிகளாலும் காவல் நாய்களாலும் சூழப்பட்டன. 1989 மே 12ஆம் நாள், கிராபிற்றி படிந்த கடைசிப் பெட்டியும் சேவையிலிருந்து அகற்றப்பட்டதாக அறிவிக்கப்பட்டது. இவ்விரு ஆண்டுகளுக்கும் இடையே நிகழ்ந்ததொன்றை ஆடை விளம்பரங்கள் சொல்வதில்லை. 1983 செப்ரெம்பர் 15ஆம் நாள் அதிகாலையில், முதலாம் அவெனியூ நிலையத்தின் சுவரில் எழுதினார் என்ற குற்றச்சாட்டின்பேரில் மைக்கல் ஸ்ருவேர்ட் என்னும் 25 வயதுக் கறுப்பின இளைஞர் கைது செய்யப்பட்டார். பொலிஸ் காவலில் நினைவிழந்த நிலையில் மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லப்பட்ட அவர், 13 நாட்களின் பின் உயிர் நீத்தார். வழக்கு விசாரணைக்கு உட்பட்ட 6 போக்குவரத்துப் பொலிஸாரும் 1985 நவெம்பரில் விடுதலையாயினர். அச்சாவு தமக்கும் நேர்ந்திருக்கக்கூடியதே என உணர்ந்த ஓவியர் ஜோன் மிஷெல் பஸ்கியா, அதனை அவ்வாண்டே ஓவியமாகத் தீட்டினார். சுவரிற் பெயர் எழுதுவதற்கு அந்நகரில் இத்தகைய விலையும் இருந்தது.

புகையிரதம் மறுக்கப்பட்ட எழுத்து துணிக்குக் குடிபெயர்ந்தது என்று சிலர் எழுதுவர். இது முற்றிலும் சரியன்று. துணியில் எழுதும் வழக்கம் முன்னரே இருந்தது. காற்சட்டைத் துணியாலான தடித்த மேலங்கிகளின் முதுகிற் பெயரெழுதி அணிதல் 1970களிலிருந்தே நிலவியது. 1986இல், குயீன்ஸ் பகுதியின் ஜமெய்க்கா வட்டாரத்துச் சந்தைக் கட்டடமொன்றில், பேட் என்னும் எழுத்துக்காரரும் அவர்தம் தோழர் இருவரும் சேர்ட் கிங்ஸ் என்ற கடையைத் திறந்தனர். வருவோர் தம் பெயரைக் கூறுவர். கடைக்காரர் காற்றுத்தூரிகை கொண்டு அதனைச் சட்டையில் எழுதிக் கொடுப்பர். எல்எல் கூல் ஜே, ஜாம் மாஸ்ரர் ஜே முதலாய றப் இசைக் கலைஞர் அவர்களின் வாடிக்கையாளர். பணம் கைமாறியது உண்மையே. கலையைப் பணத்துக்கு விற்பது பாவம் என்பாரோடு நான் சேரேன். எழுதுபவனும் உண்ண வேண்டும். ஆனால் இங்கு விற்கப்பட்டது யாது என்பதை நோக்குக. வாங்கியவன் தன் பெயரையே மார்பில் அணிந்து சென்றான். எழுதியவனின் கை அச்சட்டையில் இருந்தது. ஒரு சட்டை போல் மற்றொன்று இருக்கவில்லை. மரபின் முதல் நெறி துணியிலும் காப்பாற்றப்பட்டது.

இப்பின்னணியிலேயே மார்க் எக்கோவை நோக்க வேண்டும். 1972இற் பிறந்த அவர் நியூ ஜேர்சியின் லேக்வூட் நகரில் வளர்ந்தவர். இயற்பெயர் மார்க் மிலெகொப்ஸ்கி. பெற்றோரின் வாகனக் கொட்டிலில் இருந்து ரீ-சேர்ட்டுகளுக்கு வண்ணம் தீட்டினார். ரட்கர்ஸ் பல்கலைக்கழகத்தில் மருந்தாக்கவியல் கற்கத் தொடங்கி இடைநடுவிற் கைவிட்டார். 1993இல் தம் இரட்டைச் சகோதரியோடும் நண்பர் ஒருவரோடும் சேர்ந்து சில ரீ-சேர்ட் வகைகளுடன் கம்பனியைத் தொடங்கினார். எக்கோ என்பது அவர் எழுதுவோனாகத் தெரிந்துகொண்ட பெயர். இக்கலையை அறியாதவரல்லர், அதன்பால் அன்பற்றவருமல்லர். ஒருவனது கபடத்தால் விளைந்த கேடாக இதனைக் காட்டுவது எளிது. ஆனால் அவ்விளக்கம் போதாது. தனிமனிதரின் நல்லெண்ணம் எவ்வளவாயினும், பண்டத்தின் விதி தன் வழியே செல்லும் என்பதற்கே இவ்வரலாறு சான்றாகின்றது.

அவ்விதி யாது? சேர்ட் கிங்ஸ் கடையில் ஒரு நாளில் எழுதக்கூடிய சட்டைகளின் தொகைக்கு ஓர் எல்லை உண்டு, கை சோரும். அச்சிட்ட சட்டைக்கு அந்த எல்லை இல்லை. ஆனால் அச்சிற் பெருகும் சட்டையில் வாங்குபவன் ஒவ்வொருவனின் பெயரையும் எழுதுதல் இயலாது. ஒரே பெயர் எல்லார் மார்பிலும் ஏற வேண்டும். ஆகவே காண்டாமிருகம் வந்தது. பிறன் பெயரை எழுதுவதே இழிவு என்று வகுத்த மரபின் பெயரால், இலட்சக்கணக்கானோர் பிறனொருவனின் பெயரை அணியலாயினர். மரபின் மொழியிற் கூறுவதாயின், வாங்கியோர் அனைவரும் பொம்மைகளாயினர். அதற்குக் காசும் கொடுத்தனர்!

இதனினும் துலக்கமான எடுத்துக்காட்டு சூ யோர்க். 1970களில், சென்ரல் பார்க் மிருகக்காட்சிச்சாலைக்குக் கீழே அமைந்த சுரங்கப் பாதையிற் கூடிய இளைஞர்களிடையே, அலி என்ற எழுத்துக்காரர் நகரின் பெயரைத் திரித்து இட்ட கேலிப்பெயர் அது. நியூயோர்க் ஒரு மிருகக்காட்சிச்சாலை. நாமே அதன் மிருகங்கள் என்ற கசப்பான நகைச்சுவை அதில் உண்டு. அவரது குழுவும் அப்பெயரைத் தாங்கியது. 1993இற் சறுக்குப்பலகை விளையாட்டில் ஈடுபட்ட சில இளைஞர்கள் அப்பெயரில் ஆடைக் கம்பனி ஒன்றைத் தொடங்கினர். 2001இல் எக்கோவின் கம்பனி அதனை வாங்கியது. 2009இல் அது ஐகொனிக்ஸ் என்னும் நிறுவனத்திடம் சென்றது. சுரங்கத்திற் பிறந்த கேலிச்சொல்லொன்று 40 ஆண்டுகளுக்குள் முதலீட்டாளரின் கணக்குப் புத்தகத்தில் ஒரு வரியாயிற்று.

எக்கோவின் தரப்பிற் கூறவேண்டியதைக் கூறாது விடுதல் நேர்மையன்று. 2005 ஓகஸ்ட் மாதத்தில், மன்ஹாற்றன் வீதியொன்றிற் புகையிரதப் பெட்டிகளைப் போன்ற மாதிரிப் பலகைகளை நிறுத்தி, புகழ்பெற்ற எழுத்துக்காரரைக் கொண்டு அவற்றில் எழுதுவிக்க அவர் ஏற்பாடு செய்தார். வழங்கிய அனுமதியை நகர நிர்வாகம் மீளப் பெற்றது. இது குற்றத்தைத் தூண்டும் என்பது அதன் வாதம். வழக்கை விசாரித்த நீதிபதி ஜெட் ரேகொவ், இவ்வாதத்தை ஏற்பின் வீதியில் ஹம்லெற் நாடகம் நடிப்பதும் பழிவாங்கற் கொலையைத் தூண்டுவதாகிவிடுமே என்று கேட்டு, அனுமதியை நிலைநாட்டினார். இலக்கிய மாணவர் படித்து மகிழத்தக்க தீர்ப்பு. 18 வயது நிரம்பி 21 வயதை எட்டாதோர் ஸ்பிறே வர்ணம் வைத்திருப்பதைத் தடைசெய்த நகரச் சட்டத்தை எதிர்த்து இளைஞர் எழுவர் தொடுத்த வழக்குக்கும் அவர் துணைநின்றார். 2006 மே மாதத்தில் அச்சட்டத்துக்கு இடைக்காலத் தடை கிடைத்தது. 2007இல் மேன்முறையீட்டு நீதிமன்றமும் அதனை உறுதிசெய்தது. இவை சிறிய காரியங்கள் அல்ல.

எனினும் இவ்வளவு போராட்டமும் எதனோடு பிணைக்கப்பட்டிருந்தது? 2006இல் அற்றாரி நிறுவனம் வெளியிட்ட 'கெற்றிங் அப்' என்ற கணினி விளையாட்டு எக்கோவின் படைப்பு. வீதி விழா அதன் விற்பனைக்குக் களமமைத்தது. அதே 2006 ஏப்ரல் மாதத்தில், அமெரிக்க ஜனாதிபதியின் விமானத்தின் இயந்திரக் கூட்டில் ஒருவர் இரவோடிரவாக எழுதித் தப்புவதாகக் காட்டிய காணொளி ஒன்று வெளிவந்தது. அமெரிக்கப் பாதுகாப்புத் திணைக்களம் மறுப்புத் தெரிவிக்க நேர்ந்தது. உண்மையில் அது வாடகைக்கெடுத்த பழைய போயிங் 747 ஒன்றின் ஒரு பக்கத்துக்கு வண்ணம் பூசி எடுக்கப்பட்ட படம். சாமர்த்தியமானதுதான், மறுப்பதற்கில்லை. ஆனால் அதன் அருகில் முதலாம் அவெனியூ நிலையத்தை வைத்து நோக்குக. ஒருவருக்கு வேலி நடிப்பின் பின்னணி. மற்றவருக்கு அது வேலியே. ஆபத்து எழுதியவனிடம் தங்கிவிட, ஆபத்தின் கவர்ச்சி மட்டும் விற்பனைக்கு வந்தது.

2009இல் எக்கோவின் வியாபாரக் குறிகளில் 51 வீதத்தை ஐகொனிக்ஸ் 63.5 மில்லியன் டொலருக்கு வாங்கியது. எஞ்சியதை 2013இல் 45 மில்லியன் டொலருக்கு வாங்கிற்று. இத்தகைய நிறுவனங்களின் தொழில் நம் மாணவர்க்கு அவ்வளவு பரிச்சயமானதன்று. அதற்கு ஆடைத் தொழிற்சாலை இல்லை; தையல் இயந்திரம் இல்லை; ஓவியரும் அதற்கு இன்றியமையாதவரல்லர். அதனிடம் இருப்பவை பெயர்கள். அப்பெயர்களைப் பயன்படுத்தும் உரிமையைப் பிற கம்பனிகளுக்குக் கொடுத்துக் கட்டணம் பெறுவதே அதன் வருமானம். பெயர் ஒரு காணி. நிறுவனம் அக்காணியின் உடையார். உழுவோர் வாரம் கொடுப்பர். மார்க் எக்கோ தாமே தெரிந்துகொண்ட எழுத்துப் பெயர், அவரது கையிலிருந்து சட்டப்படி பிரிக்கப்பட்டுப் பிறரது ஆதனமாயிற்று. கையின்றிப் பெயரில்லை என்ற மரபுக்கு இதனினும் முழுமையான மறுதலிப்பு யாது?

'மீள்வருகை' என்ற சொல்லின் பொருளும் இங்கு வெளிப்படுகின்றது. உண்மையில் இக்குறி எங்கும் போய்விடவில்லை. நவநாகரிகத்தின் பார்வை அகன்ற ஆண்டுகளிலும் அது மலிவுவிலைக் கடைகளிற் தொங்கிக்கொண்டே இருந்தது. 20 ஆண்டுகளுக்கு முந்திய இளமையின் நினைவு விலைபோகும் காலம் வந்ததும், உரிமையாளர் பெட்டகத்தைத் திறந்தார். எழுதுவோர் எவரும் இதனைக் கோரவில்லை. எழுத்தில் எப்புதுப் பாணியும் இதனாற் தோன்றவில்லை. களஞ்சியத்திற் கிடந்த சரக்கு வெளியே எடுக்கப்பட்டதைப் பண்பாட்டு மறுமலர்ச்சி என்பது சொல்லுக்குச் செய்யும் அநீதி.

நுகர்வோரைச் செயலற்றவராகக் கருதலாகாது என்று நம் விரிவுரையாளர் சிலர் கூறுவதை அறிவேன். வாங்குபவர் பண்டத்துக்குத் தம் சொந்தப் பொருளை ஏற்றுகின்றனர். அணிதலும் ஓர் ஆக்கச் செயலே என்பது அவர்கள் வாதம். அணிபவர் தம் எண்ணப்படி பொருள்கொள்ளட்டும். ஆனால் பொருள்கொள்ளும் சுதந்திரத்தையும் எழுதும் சுதந்திரத்தையும் ஒன்றெனக் காட்டுதல் மயக்கம். காண்டாமிருகத்துக்குத் தன் விருப்பம்போற் பொருள்கொள்ளும் இளைஞன் அதனையே தானும் வரைந்து விற்கட்டும். வியாபாரக் குறிச் சட்டம் மறுவாரமே அவன் வாசலில் நிற்கும். பொருள் அவனுக்கு, உரிமை கம்பனிக்கு என்ற இந்தப் பங்கீட்டை வெற்றி என்பார்க்குத் தோல்வி எப்படியிருக்கும் என்பது விளங்கவில்லை.

நமக்கு இதில் என்ன என்று கேட்போர்க்கு ஒரு சொல். 1978இற் கட்டுநாயக்க சுதந்திர வர்த்தக வலயம் தொடங்கியதிலிருந்து வளர்ந்த ஆடைத் தொழிலே இன்று நம் நாட்டின் முதன்மையான கைத்தொழில் ஏற்றுமதி. ஐக்கிய அமெரிக்கா அதன் மிகப் பெரிய தனிச் சந்தை. நம் கிராமங்களிலிருந்து சென்ற பெண்கள் தைக்கும் சட்டைகளின் மார்பிற் பிறர் பெயர்கள் பொறிக்கப்படுகின்றன; தைத்தவளின் பெயர் உட்தையலிற்கூட இல்லை. பெயரை வைத்திருப்பவனே விலையின் பெரும்பங்கைக் கொள்வான், செய்தவன் எஞ்சியதைக் கொள்வான் என்ற ஒழுங்கு எழுத்துக்காரனுக்கும் தையற்காரிக்கும் பொதுவானது.

சட்டத்தின் நிலைப்பாட்டையும் கவனித்தல் வேண்டும். 2015இல் நியூயோர்க் மெற் காலா விருந்துக்குப் பாடகி கேற்றி பெரி அணிந்துசென்ற மொஸ்கினோ நிறுவனத்தின் ஆடையில், ரைம் என்னும் எழுத்துக்காரர் டெற்ரொயிற் நகரக் கட்டடமொன்றில் வரைந்த சுவரோவியம் காணப்பட்டது. அவர் வழக்குத் தொடுத்தார். கிராபிற்றி குற்றச்செயல், ஆதலின் அதற்குப் பதிப்புரிமை இல்லை என்று நிறுவனத்தின் சார்பில் வாதிடப்பட்டது. அச்சுவரோவியமோ கட்டட உரிமையாளரின் அழைப்பின்பேரில் வரையப்பட்டது! 2018இற் சுவீடன் நாட்டு எச் அன்ட் எம் நிறுவனம், புரூக்ளின் விளையாட்டிடச் சுவரொன்றில் ரெவொக் வரைந்ததைப் பின்னணியாக வைத்து விளம்பரம் எடுத்தது. அவர் ஆட்சேபித்தார். உடனே அந்நிறுவனமே நீதிமன்றம் சென்று, சட்டவிரோத ஓவியத்துக்கு உரிமை கிடையாது என்று தீர்ப்பளிக்குமாறு கோரியது. எழுத்துக்காரரும் ஓவியரும் கண்டனம் எழுப்ப, சில நாட்களில் வழக்கு மீளப்பெறப்பட்டது. இந்த வாதத்தின் அழகை நோக்குக. எழுதுபவன் குற்றவாளி, ஆகவே எழுத்து யாருக்கும் உரியது. யாருக்கும் உரியது, ஆகவே நமக்கும் உரியது. நாம் அச்சிட்ட பின் அது நமக்கு மட்டுமே உரியது. திருட்டுப் பொருளைத் திருடினாற் திருட்டாகாது என்று சந்தையில் ஒருவன் சொல்லின் நாம் சிரிப்போம். சட்டத்தரணி சொல்லும்போது அது சட்டப் பிரச்சினை எனப்படுகின்றது.

மரபின் பெயரால் வாணிகம் செய்வோரிடம் கேட்கத்தக்கவை மிகச் சில. யாருடைய எழுத்துப் பாணி அச்சிடப்படுகின்றதோ அவர் பெயர் சட்டையில் இருக்க வேண்டும். விற்பனையில் அவருக்குப் பங்கு வேண்டும். அவரது சுவர் இடிபடும்போதும், அவர் நீதிமன்றில் நிற்கும்போதும், கம்பனி அவர் பக்கம் நிற்க வேண்டும். 2005இல் எக்கோ தம் விழாவுக்காக நீதிமன்றம் சென்றார் எனின், இன்று அவர் பெயரை வைத்திருப்போரும் செல்லலாம். இக்கோரிக்கைகளைக் கனவு என்பார்க்கு, சட்டம் எழுதுவோர் பக்கம் சாய்ந்த வழக்கு ஒன்றும் உண்டு என்பதைச் சொல்ல வேண்டும்.

குயீன்ஸ் பகுதியின் லோங் ஐலன்ட் சிற்றியில், மேம்பாலத்திற் செல்லும் 7ஆம் இலக்கப் புகையிரதத்திலிருந்து பார்ப்போர் கண்ணில் முழுமையாகப் படும்படி பழைய தொழிற்சாலைக் கட்டடம் ஒன்று நின்றது. பைவ் பொயின்ற்ஸ் என்பது அதற்கு எழுத்துக்காரர் வழங்கிய பெயர். உரிமையாளரின் அனுமதியுடன் உலகெங்குமிருந்து வந்தோர் அதன் சுவர்களில் எழுதினர். 2002 முதல் மெரெஸ் வன் என்பவர் அதனைப் பராமரித்தார். யார் எங்கே எழுதுவது, எது எவ்வளவு காலம் நிற்பது என்பதெல்லாம் அவரது பொறுப்பு. 2013 நவெம்பரில் ஓரிரவு, எவருக்கும் அறிவிக்காது உரிமையாளர் சுவர்களுக்கு வெள்ளையடித்தார். 21 ஓவியர்கள் வழக்காடினர். கலைஞரின் ஒழுக்கவுரிமையைப் பாதுகாக்கும் 1990ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ், நீதிபதி பிரெடெரிக் புளொக் 2018 பெப்ரவரியில் 45 ஓவியங்களுக்கு ஒவ்வொன்றுக்கும் 150,000 டொலர் வீதம் 6.75 மில்லியன் டொலர் நட்டஈடு விதித்தார். 2020இல் மேன்முறையீட்டு நீதிமன்றம் அதனை உறுதிசெய்தது. உயர் நீதிமன்றம் வழக்கை ஏற்க மறுத்துவிட்டது.

தீர்ப்பு வந்தபோது சுவர்கள் இல்லை. கட்டடம் 2014இல் இடிக்கப்பட்டுவிட்டது. அதே ஆண்டில் அவ்விடத்தின் உரிமையாளர் நிறுவனம், எழுத்துக்காரர் இட்ட பைவ் பொயின்ற்ஸ் என்னும் பெயரைத் தன் வியாபாரக் குறியாகப் பதிந்துகொள்ள விண்ணப்பித்தது. ஓவியர்கள் எதிர்த்தனர். இன்று அங்கே ஆயிரத்துக்கு மேற்பட்ட வீடுகள் கொண்ட இரு கோபுரங்கள் நிற்கின்றன. அவற்றை வாடகைக்கு விடும் விளம்பரங்களில் உள்ள பெயர் பைவ் பொயின்ற்ஸ்.